உண்மையா, மகிழ்ச்சியா?

வாழ்க்கையில் உண்மை பெரிதா, மகிழ்ச்சி பெரிதா என்ற கேள்வியை எனக்கு முதன்முதலில் போட்டவர் வொல்த்தேர். தமிழ்ப் புத்தகங்களில் வால்டேர் என்று எழுதுகிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன், எழுபதைத் தாண்டிய பிறகு நாக்கை மாற்ற முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு நல்ல பிராமணரின் கதை' என்று அவர் எழுதியது சில பக்கங்கள்தான். 1761இல் வெளிவந்தது. அந்த வருஷம் ஜனவரியில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்து, ஊரே இடித்துத் தள்ளப்பட்டது. அது தற்செயல், இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை.

கதையில் ஒரு பிராமணர். படித்தவர், பணக்காரர். நாற்பது வருஷம் படித்தும் ஆன்மா என்ன, காலம் என்ன என்று ஒன்றும் விளங்காமல் நொந்துபோயிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு கிழவி. அவளுக்கு இந்தக் கேள்விகளே புரியாது. விஷ்ணுவின் அவதாரங்களை நம்புகிறாள். குளிக்கக் கொஞ்சம் கங்கைத் தண்ணீர் கிடைத்துவிட்டால் தன்னைவிடப் பாக்கியசாலி இல்லை என்று இருக்கிறாள். 'அவளைப் போல இருக்கலாமே' என்று கேட்டால் பிராமணர், 'அந்த மகிழ்ச்சி எனக்கு வேண்டாம்' என்கிறார். வேறு பலரைக் கேட்டாலும், சந்தோஷமாக இருப்பதற்காக முட்டாளாக யாரும் தயாரில்லை. ஏன் இந்த முரண்பாடு என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமலே வொல்த்தேர் முடித்துவிடுகிறார்.

வகுப்பில் நாங்கள் எல்லோரும் பிராமணர் பக்கம்தான் கை தூக்கினோம். இப்போது யோசித்தால், எங்களிடம் கேட்டது 'உனக்கு எது வேண்டும்' என்றுதான். 'உன் அப்பாவுக்கு எது வேண்டும்' என்று கேட்டிருந்தால் பாதிக் கைகள் இறங்கியிருக்கும். மனிதன் தனக்கு உண்மையைக் கேட்கிறான், தன் வீட்டாருக்கு மகிழ்ச்சியைக் கொடுக்க நினைக்கிறான். பெரும்பாலான பாசமான பொய்கள் இங்கேதான் பிறக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு திருவள்ளூரில் இருக்கிறேன். அமாவாசை தோறும் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் நிறைய. ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, 'அவருக்குத் தெரியாது, வாய் தவறிச் சொல்லிடாதீங்க' என்று உறவினருக்குச் சொல்லும் குரலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த 'அவர்' நாலடி தள்ளி, படியில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இங்கே ஒரு நண்பர் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்தவர். தினமும் காலையில் நடக்கப் போவோம். வயிற்றுவலி வந்தது. 'அல்சர்' என்றார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், எனக்கும் அப்படித்தான். கணையத்தில் புற்று என்பது அவருடைய இரண்டு மகன்களுக்கும் மருமகனுக்கும் மட்டும் தெரியும். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. மாறிமாறி லீவு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதத்தில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் தங்கை அழுதுகொண்டே ஒரு விஷயம் சொன்னார். பொன்னேரிப் பக்கம் இருக்கும் ஒண்ணரை ஏக்கர், அந்த அம்மாளின் நகையை விற்று வாங்கியதாம். பத்திரம் அண்ணன் பேரில். 'உடம்பு தேறட்டும், தை மாசம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் உன் பேருக்கு எழுதிடறேன்' என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அல்சர்காரர் தை மாசம் வரை காத்திருக்கலாம். கணையப் புற்றுக்காரர் மறுநாளே போயிருப்பார். மகன்கள், 'அப்பா எங்களிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே' என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவருக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வார்? அத்தை வீட்டோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் பாஷையில் சொல்கிறேன். எந்த ஆணையிலும் கீழே 'பெறுநர்' என்று ஒருவர் இருப்பார், அதற்கும் கீழே 'நகல்' என்று நாலு பேர். நகல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, பெறுநருக்கு மட்டும் தபால் போகவில்லை என்றால் அந்த எழுத்தருக்கு மெமோ நிச்சயம். நம் வீடுகளில் வியாதி விஷயத்தில் இதுதான் நடக்கிறது. சித்தப்பாவுக்குத் தெரியும், பெங்களூர் மாப்பிள்ளைக்குத் தெரியும், கீழ்வீட்டு மாமிக்குக்கூடத் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது.

'மனசு உடைஞ்சு போயிடுவார்' என்பது வழக்கமான பதில். உடையத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் முடி கொட்டுகிறது, எடை குறைகிறது, பத்து வருஷம் எட்டிப் பார்க்காத பங்காளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிறான். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மனிதர் நிம்மதியாக இருப்பார் என்று நினைப்பது நம்முடைய நிம்மதிக்காகத்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை, பயந்தால் அழ ஆள் இல்லை.

திருவள்ளுவரே பொய்க்கு இடம் கொடுத்திருக்கிறாரே என்பார்கள். வாய்மை அதிகாரத்தில் கொடுத்திருக்கிறார், ஆனால் குற்றமில்லாத நன்மை விளைய வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தத் தங்கைக்கு விளைந்ததை எதில் சேர்ப்பது?

1797இல் பெஞ்சமேன் கோன்ஸ்தான் என்பவருக்கும் ஜெர்மானியர் கான்ட்டுக்கும் இதில் ஒரு சண்டை நடந்தது. நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார் கான்ட். கோன்ஸ்தான், உண்மை பேசுவது கடமைதான், ஆனால் அந்த உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம்தான் அந்தக் கடமை என்றார். எனக்கு இவர்தான் சரி. கொலைகாரனுக்கு அந்த உரிமை இல்லை. தன் கணையத்தைப் பற்றிய உண்மைக்கு ஒருவருக்கு உரிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், பழைய புத்தி. நம் மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து நெறிமுறைகள், நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன. நல்லது. அடுத்த வாக்கியத்தில், நோயாளியோ அவர் உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. அந்த 'ஓ'காரங்களின் சந்துக்குள்தான் நம் குடும்பங்கள் எல்லாம் நுழைந்துவிடுகின்றன. சம்மதம் வாங்கும் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் கறாராக இருந்தது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவர் தாயாரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கருப்பையை எடுத்த வழக்கில், சுயபுத்தியுள்ள பெரியவருக்காக இன்னொருவர் சம்மதம் தர முடியாது என்று 2008இல் தீர்ப்பளித்தது. சம்மதிக்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

பிரான்சிலும் நம்மைப் போலத்தான் இருந்தது. 1995ஆம் வருஷத்து நெறிமுறையில், மோசமான நோயை மருத்துவர் தன் மனசாட்சிப்படி நோயாளியிடம் மறைக்கலாம் என்று இருந்தது. 2002 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம் அதை மாற்றியது. தன் உடல்நிலையை அறிவது நோயாளியின் உரிமை. 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று அவரே சொன்னால், பிறருக்குத் தொற்றும் ஆபத்து இல்லாதவரை, அதையும் மதிக்க வேண்டும். வொல்த்தேர் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்கு இருநூறு வருஷம் கழித்து வந்த பதிலாக இதைப் பார்க்கிறேன். பிராமணரும் இருக்கட்டும், கிழவியும் இருக்கட்டும், யார் எதுவாக இருப்பது என்பதை அவரவர் சொல்லட்டும்.

என் மனைவியின் அத்தை அப்படிச் சொன்னவர். எண்பத்து நாலு வயது. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே, 'எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, மருந்தை மட்டும் குடுங்க' என்றார். ஏழு மாதம் சீரியல் பார்த்துக்கொண்டு, மருமகளைத் திட்டிக்கொண்டு, சந்தோஷமாகவே இருந்தார். அங்கே யாரும் அவரை ஏமாற்றவில்லை. கேட்டுத்தான் செய்தோம்.

ஒரு ஆளுக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது, என் மகனும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத்தான் தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறான். 1984இல் போபாலில் விஷவாயு கசிந்தபோது, சுவாசிப்பது என்னவென்றே தெரியாமல் ஜனங்கள் ஓடினார்கள். அதற்குப் பிறகுதான், 1987இல், ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் ஆலை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், நம் பக்கத்து எண்ணூர் பெரியகுப்பத்தில், உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மறுபடி ஜனங்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். 'பீதியைக் கிளப்பாதீர்கள்' என்று அதிகாரிகள் சொல்வதும் 'மனசு உடைஞ்சு போயிடுவார்' என்று பிள்ளைகள் சொல்வதும் எனக்கு ஒரே குரலாகத்தான் கேட்கிறது. பிள்ளைகளிடமாவது பாசம் இருக்கிறது.

உண்மையை எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கொட்ட வேண்டியதில்லை. 'ரிப்போர்ட் வந்திருக்கு, நீங்க கேக்கறீங்களா, நான் கேட்டுக்கட்டுமா?' என்று ஒரு வாக்கியம் போதும். அந்த நண்பரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மகனிடம் கொடுத்தேன். என் பரிசோதனை முடிவு எதுவானாலும் முதலில் எனக்கு, நகல் அவனுக்கு. படித்துவிட்டு, 'எதுக்குப்பா இப்போ இதெல்லாம்' என்றான், ஆனால் பீரோவில் வைத்துக்கொண்டான். மனைவிக்கும் ஒரு தாள் எழுதி, 'தெரிய வேண்டும் / வேண்டாம்' என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். 'யோசிச்சு சொல்றேன்' என்று சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் சொருகி வைத்திருக்கிறாள். இன்னும் எதையும் அடிக்கவில்லை.