அப்பீல் என்பது சடங்கா?

சுங்கை சிப்புட் தோட்டங்களில் 1948 ஜூன் 16ல் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. வேறு தண்டனை கிடையாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் சிக்கிய இரு தமிழரை இன்று நாம் நினைவூட்டுகிறோம்.

ஒருவர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். கண்டெடுத்த ரிவால்வரை ஒப்படைக்கப் போனேன் என்றார். விசாரணை, தூக்குத் தீர்ப்பு, அப்பீல், தள்ளுபடி. இந்திய அரசாங்கம் வேண்டியும் பயனில்லை. மே 4ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். எல்லாம் இரண்டு மாதத்துச் சொச்சத்தில்! தோட்டத்தில் சம்பள பாக்கி கேட்டால்கூட அதைவிட அதிக நாள் இழுத்தடிப்பார்களே!

மற்றவர் ஜொகூரில் 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவம். துப்பாக்கி ஒரு குற்றம், தோட்டா இன்னொரு குற்றம். அசெசர்கள் இரண்டிலும் குற்றவாளி அல்ல என்றார்கள். நீதிபதி தோட்டாவுக்கு விடுதலை கொடுத்தார். துப்பாக்கிக்கு மறு விசாரணை என்றார். மறு விசாரணையில் தோட்டாவும் துப்பாக்கியும் என்னிடம் இருந்தன என்று அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலத்தை நீட்டினார்கள். தோட்டாவுக்கு அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைப் புதிய அசெசர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கு விழுந்தது. இங்கே அப்பீல் கோர்ட்டும் தள்ளிவிட்டது.

1950ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. விடுதலைத் தீர்ப்பு அரசுத் தரப்பையும் கட்டும். அதை மறைத்து அதே கதையை மறுபடி ஓதக்கூடாது என்றார் லார்டு மக்டெர்மட். இன்றும் வக்கீல்கள் அந்த வழக்கைக் காட்டி வாதாடுகிறார்கள்.

“சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி; மேலே இருப்பவர் தலையிடலாமா?” என்று நமக்குப் பாடம் சொல்கிறார்கள். லண்டன் நீதிபதிகள் எந்தச் சாட்சியைப் பார்த்தார்கள்? கட்டைப் பிரித்துப் படித்தார்கள், அவ்வளவுதான்! படித்ததால் ஓர் உயிர் தப்பியது. அதே கட்டு இங்கேயும் இருந்தது.

குற்ற வழக்குகளுக்கு 1978ல் லண்டன் கதவு அடைபட்டது. அதற்காக நாம் அழவில்லை. நம் நாட்டு நீதி நம் நாட்டிலேயே கிடைக்கட்டும். ஆனால் கடைசிக் கதவு புத்ராஜெயாவில் என்றான பின் அங்கே இருப்பவர்களின் பொறுப்பு இரட்டிப்பல்லவா? 2023ல் கட்டாயத் தூக்கை எடுத்தார்கள், வரவேற்றோம். ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் கூட்டரசு நீதிமன்றத்திடம் மறு ஆய்வு கேட்க வழி பிறந்தது. ஆனால் அந்தச் சட்டம் தண்டனையை மட்டுமே திருத்த விடுகிறது. குற்றத் தீர்ப்பைத் தொட விடவில்லை. தவறாகக் குற்றவாளியானவனுக்கு முப்பது வருஷச் சிறை சலுகையா?

எந்த அப்பீலைத் தள்ளினாலும் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். கைதியின் தாய் அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கும்படி இருக்க வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. “குற்றத்தை ஒத்துக்கொள், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ஒத்துக்கொண்டால் பிறகு தண்டனையைப் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். அப்பீல் நோட்டீசுக்குப் பதினான்கு நாள்தான் தவணை. கிராணிமார்களே, எழுதத் தெரியாதவன் வீட்டுக்குத் தீர்ப்பன்று மாலையே போய் உட்காருங்கள்.