இன்னும் ஒரு கரண்டி

உடம்பு குறைய ஆபரேஷன் செய்துகொள்வது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று சொல்லித் திரிந்தவன் நான். போன வருடம் என் தம்பி மகளுக்கே அது நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். முதலில் சில வாரம் கஞ்சித் தண்ணீர், சூப். பிறகு மசித்த உணவு. அதற்கப்புறம்தான் குழைந்த சோறு.

மூன்றாம் மாதம் புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதலில் மீன், பிறகு இரண்டு பிடி சோறு. சாப்பாட்டோடு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோம்மா" என்று வற்புறுத்தினேன். எனக்காகச் சாப்பிட்டாள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வாந்தி.

"வேண்டாம்னா கோவிச்சுக்கிறாங்க, சாப்பிட்டா இப்படி ஆகுது பெரியப்பா" என்றாள். எனக்குக் கூசிப்போயிற்று.

பள்ளியில் சோற்றை அள்ளி விழுங்கினால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். இவள் இனி ஆயுசு முழுக்க அப்படித்தான் சாப்பிட வேண்டும். சத்து மாத்திரையையும் விடக்கூடாது. இதுவா குறுக்கு வழி?

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். போதும் என்று ஒருவர் சொன்னால் கரண்டியைக் கீழே வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அதுவும் உபசாரம்தான்.