பெங்களூரில் வாடகை வீடு: யாருக்காக?

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது, "அலுவலகம் எங்கே?" என்பதுதான். அலுவலகம் ஒயிட்ஃபீல்டில் என்றால் வீடும் அங்கேயே என்று முடிவாகிவிடுகிறது. மல்லேஸ்வரம் என்று எவரேனும் சொன்னால், "அவ்வளவு தொலைவா?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்த அவசரம் எனக்கு உடன்பாடன்று.

வேலைக்குச் செல்பவர் வார நாள்களில் வீட்டில் விழித்திருப்பது சில மணி நேரமே. பகல் முழுவதும் அப்பகுதியில் வாழ்பவர்கள் முதிய பெற்றோர்தாம். மல்லேஸ்வரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி. எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள், 8ஆம் கிராஸின் பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும், காடு மல்லேஸ்வரர் கோயில், மர நிழல் எல்லாம் அருகருகே. எழுபது வயதுத் தாய் தாமே நடந்து சென்று கீரை வாங்கி வரலாம். மின்தூக்கி இல்லாத பழைய வீடுகளும் அங்கே உண்டு. தரைத்தளமாகத் தேட வேண்டும். ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூங்கா, காவல் அனைத்தும் உண்டு. வாயிலைத் தாண்டினாலோ பல இடங்களில் நடைபாதை இல்லை. ஒரு கட்டுக் கீரைக்கும் செயலியையோ மகனையோ எதிர்பார்க்க வேண்டும்.

தொலைவு பொய்யன்று. 2023 அக்டோபர் முதல் ஊதா வழித்தட மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை தொடர்ச்சியாக ஓடுகிறது. எனினும் மல்லேஸ்வரத்திலிருந்து பச்சை வழித்தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறிச் சென்றால், ஒருவழிக்கே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். கணவன், மனைவி இருவரும் நாள்தோறும் ஒயிட்ஃபீல்டு செல்பவர்கள், உடன் பெரியவர்கள் இல்லை என்றால் அங்கேயே குடியிருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் செல்வோர்க்கு அந்தக் காரணம் பொருந்தாது.

வாடகையை ஒப்பிடுவோர் முன்பணத்தை மறந்துவிடுகிறார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். வாடகை 25,000 ரூபாய் என்றால் 2,50,000 ரூபாய் வட்டியின்றி முடங்கும். 7 விழுக்காடு வைப்பு வட்டியில் இழப்பு ஆண்டுக்கு 17,500 ரூபாய். மாதத்திற்கு ஏறத்தாழ 1,460. ஐந்து மாத முன்பணத்துடன் 25,500 ரூபாய்க்குக் கிடைக்கும் வீடே உண்மையில் மலிவு. முன்பணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். இசையும் உரிமையாளர்களும் உள்ளனர்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், ஒரு வேலை நாளின் முற்பகல் 11 மணிக்குத் தாயை இரு பகுதிகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள மருந்துக் கடைக்கு அவர் தனியே நடந்து சென்று வரட்டும்.