மாட்டை விட்டுப் பயிரைப் பிடுங்குவதா?

பாபநாசம் கடைத்தெருவில் ஒருவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தால், அவள் வீட்டு வாசலோடு அது நிற்கும். ஊரும் அவனைப் பார்த்துவிடும். இணையவழிப் பின்தொடர்பவனுக்கு வாசலும் இல்லை, ஊரும் இல்லை. துபாயில் இருந்துகொண்டே இங்குள்ளவளின் உறக்கத்தைக் கெடுக்கலாம். இதைப் பழைய தொல்லையின் புதுவடிவம் என்று மட்டும் கொள்ள நம்மால் இயலவில்லை.

2004-இல் சென்னையில் தீர்ப்பான ஒரு வழக்கை நினைவுகூர்வோம். தன்னை மணக்க மறுத்த பெண்ணைப் பற்றி ஒருவன் யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகளை இட்டான். அதை நம்பி, முன்பின் அறியாதோர் அவளைத் தொலைபேசியில் அழைத்தனர். அந்நியரையே ஏவலாட்களாக்குவதுதான் இக்குற்றத்தின் தனித்தன்மை. அப்பெண் ஒதுங்கவில்லை, புகார் கொடுத்தார். மும்பையில் கைதானவனுக்கு எழும்பூர் நீதிமன்றம் சில மாதங்களிலேயே தண்டனை விதித்தது.

பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது 2013-இல் தனிக்குற்றமாயிற்று. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. இந்தியக் கணினி சம்பந்தப்பட்டிருந்தால், அயல்நாட்டில் இழைத்த குற்றமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுக்குள் வரும். அங்கிருந்து சான்று பெறக் காலம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆகவேதான் வந்த செய்திகளை அழிக்காமல் உடனே காவல்துறையிடம் கொடுக்கவேண்டும்.

நாமோ, "போனை வாங்கி வை, படிப்பை நிறுத்து" என்கிறோம். வயலில் மாடு மேய்ந்தால் மாட்டைப் பட்டியில் அடைப்போமா, பயிரைப் பிடுங்குவோமா?