பச்சைத் தண்ணீர்

நமது மொழியிலே ‘பச்சை’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வாடாததும் பச்சை, வேகாததும் பச்சை. சந்தையிலே கீரைப்பிடியைத் தூக்கிப் பார்த்து ‘நல்ல பச்சை’ என்று மகிழும்போது முதலாவது பொருளைக் கருதுகிறோம். காய்ச்சாத நீரைப் ‘பச்சைத் தண்ணீர்’ என்று நோயாளிக்கு விலக்கும்போது மற்றைய பொருளைக் கருதுகிறோம். இவ்விரண்டும் ஒரே கீரைப்பிடியில் வந்து கூடியதை அண்மையில் நான் கண்டேன். பச்சிலைப்பள்ளியில் வாழ்பவன் பச்சிலையைப் பற்றி எழுதுவதை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

பளையிலிருந்து காலைப் பேருந்தில் நகரத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்திருந்த மூதாட்டி ஒருவர், வாளி நீரைக் கையால் அள்ளி வல்லாரைப் பிடிகளின்மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“எணை ஆச்சி, உந்தத் தண்ணி எங்க அள்ளினது?” என்று கேட்டேன்.

“உங்க பின்னாலை கிணத்திலைதான் தம்பி. குழாயிலை தண்ணி வந்தால் நான் ஏன் அங்க போறன்? வாடின கீரையை ஆர் வாங்குவினம்?”

பின்னால் சென்று பார்த்தேன். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே சில பாகங்களே இருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி, வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். குழியில் இறங்குவது வடிகட்டப்படாமலே கிணற்றை அடைய அங்கு வழியுண்டு. நெருப்புக் காய்ச்சல் அதிகமாகப் பதிவான இலங்கை மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்றமைக்கு இத்தகைய கிணறுகளும் ஒரு காரணமாகலாம்.

நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாவுக்கு மனிதனைத் தவிர வேறு உறைவிடம் இல்லை. ஆடு மாட்டிடம் அது வாழ்வதில்லை. கீரைக்கு அந்நோய் வருவதுமில்லை. ஆகவே இலையின்மேல் அக்கிருமி இருக்குமாயின், ஒரு மனிதனின் கழிவு நீர்வழியாகவோ கைவழியாகவோ அங்கே வந்து சேர்ந்தது என்பதே பொருள். உண்ட பின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். அதற்குள் எந்தச் சந்தை, எந்தக் கீரை என்பது யாருக்கு நினைவிருக்கும்? வல்லாரையை வேகவைத்தால் கிருமி மடியும். நாமோ அதைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பலாக்கி உண்கிறோம். மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் அலசினாற் போதும் என்பது பலரின் நம்பிக்கை. அலசுதல் அழுக்கைக் குறைக்கும். கிருமி முழுவதும் ஒழிந்தது என்று அதைக்கொண்டு உறுதிகூற முடியாது.

வெட்டி வைத்த வத்தகப்பழத்தின் கதை இன்னும் கொடிது. அதிற் புளிப்பு மிகக் குறைவு. இனிப்பும் ஈரமும் மிகுதி. ஏற்ற வெப்பத்தில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே கணக்காகக் கொடுக்கலாம்: காலை 6 மணிக்கு ஒன்று, நண்பகலில் இரண்டரை இலட்சத்துக்கு மேல்.

இதையெல்லாம் கேட்டவுடன், “அந்தக் கிழவியைச் சந்தையிலிருந்து எழுப்புங்கள்” என்று சொல்வோர் உண்டு. அவசரம் வேண்டாம். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியின் வடபகுதியிலே ஒரு கொடிய பற்றீரியா பரவியது. ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயே காரணம் என்று ஹம்பேர்க் நகர அதிகாரிகள் அறிவித்தனர். ஸ்பெயினின் உழவர்களுடைய விளைச்சல் வாங்குவாரின்றி அழிந்தது. பின்னர் சோதித்தபோது வெள்ளரிக்காய் குற்றமற்றது எனத் தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை முளைக்கவைத்து, அம்முளையைப் பச்சையாக உண்டமையே காரணம் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். அதற்குள் 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் மாண்டனர். விஞ்ஞானத்திற் சிறந்த நாட்டிலேயே பழி முதலில் தவறான இடத்திற் போய் விழுந்தது.

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் விற்பவரே. அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியவர் எட்டத்தில் இருக்கிறார். சந்தையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பெறும் உள்ளூராட்சி மன்றம் எதுவாயினும், குளோரீன் இட்ட நீர் வரும் குழாய் ஒன்றும், பெண்களுக்கு ஒரு மலசலகூடமும், அதன் வாயிலிலே சவர்க்காரமும் அங்கே இல்லாதிருக்கும்வரை, கீரைக்காரியிடம் தண்டம் அறவிட அதற்கு என்ன முகம் இருக்கிறது? சந்தைக் கிணற்று நீரை மாதந்தோறும் சோதித்து, முடிவைச் சந்தை வாயிலிலேயே எழுதி ஒட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும் நாளில் ஆசிரியர் சங்கங்களும் வாசிகசாலைகளும் இதனைக் கேட்கட்டும்.

ஆச்சியிடம் இரண்டு பிடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். சம்பலுக்குத் தேங்காய் துருவ அமர்ந்த இல்லாளிடம் செய்தியைச் சொன்னேன். முகம் சுளித்தபடி அவள் அடுப்பை மூட்டினாள். அன்று எங்கள் வீட்டில் வல்லாரை வறை.