நடுவுல பூட்டு, ஓரத்துல சண்டை

செஸ்ல நடுப்பகுதி சிப்பாய்களால அடைபட்டுட்டா "போச்சு, இனி அறுவைதான்" என்று கொட்டாவி விடுகிற நண்பர்கள் எனக்கு நிறைய. என் கட்சி நேர் எதிர். யோசிச்சு ஆடக் கத்துக்கணும்னா இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பிரெஞ்சு டிஃபென்ஸையே எடுத்துக்குங்க. வெள்ளை இ4, கறுப்பு இ6, டி4, டி5. வெள்ளை இ5-க்குத் தள்ளினதும் பூட்டு விழுந்தாச்சு. நடுவழியா யாரும் வர முடியாது, சண்டை ஓரத்துக்கு நகரும். எந்த ஓரம்? உங்க சிப்பாய் வரிசை எந்தப் பக்கம் சாய்ஞ்சு நிக்குதோ, அங்கேதான் உங்களுக்கு இடம் அதிகம். வெள்ளைக்கு ராஜா பக்கம், கறுப்புக்கு ராணி பக்கம். கறுப்பு சி5 ஆடி டி4-ஐ இடிக்கும், இ5-ஐத் தாங்குவது அதுதானே! சங்கிலியை அடிவேரில் அடிக்கணும் என்பது நிம்ஸோவிச் 1925-லேயே சொன்ன பாடம். கறுப்போட சி8 பிஷப்தான் பாவம், சொந்த இ6 சிப்பாய்க்குப் பின்னாடியே சிறை. தாண்டிக் குதிக்கிற குதிரைக்கு இங்கே மவுசு ஜாஸ்தி.

2024 நவம்பர் 25, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு எதிரா டிங் லிரென் இதே பிரெஞ்சைத்தான் ஆடினார். குகேஷ் நடுவைப் பூட்டிட்டு ராஜா பக்கம் ஜி4 தள்ளினார். 42 நகர்த்தலில் தோல்வி. தோத்ததாலேயே அந்தத் திட்டம் தப்புன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு இடம் அங்கேதான் இருந்தது. திசை சரின்னாலும் ஒவ்வொரு நகர்த்தலையும் தனியா கணக்குப் போட்டாகணும், அது வேற வேலை. அதே குகேஷ்தான் 7.5–6.5 என்று ஜெயிச்சு 18 வயசுல சாம்பியன் ஆனார்.

இங்கே ஒஸ்லோவில், நான் இருக்கிற ரொம்மன்ல தமிழ்ப் பிள்ளைங்க நிறைய. கார்ல்சன் ஊராச்சே, செஸ் ஆர்வத்துக்குக் குறைச்சலில்லை. என்கூட ஆட வர்ற பொடிசுங்க முதல் பத்து நகர்த்தலை மனப்பாடமா, மின்னல் வேகத்துல ஆடுதுங்க. பதினொண்ணாவதுல "அண்ணா, இனி என்ன விளையாடுறது?" :-)

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பதிவர்கள் ஒண்ணு செய்யுங்க. மற்ற காய்களை எடுத்துட்டு சிப்பாய்களை மட்டும் பலகையில விட்டு மூணு கேள்வி கேளுங்க: உனக்கு எந்தப் பக்கம் இடம்? எதை இடிக்கலாம்? எந்தக் காய் சும்மா நிக்குது? பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டா, பதினொண்ணாவது நகர்த்தலை அதுங்களே கண்டுபிடிச்சுக்கும்.