கையை வீசி நடந்த ஒரு நாள்



சென்ற மாதம் இப்பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் ஒரு சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறேன். "இவவுக்கு எழுத வேற விசயம் இல்லையோ" என்று நினைக்கும் வாசகிகள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

கந்தளாயில் எங்கள் மகளிர் குழு கூடிய ஒரு நாளில், எல்லாக் கதையும் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "மிஸ், படிக்கிற காலத்தில ஒரு மலைக் காட்டுக்கு நடந்து போனதெண்டு சொன்னீங்களே, அங்க எங்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டீங்களோ?" நான் சிரித்துவிட்டுக் கதையை மாற்றினேன். ஏனென்றால் இப்படியான விடயத்துக்கு நிறுவனங்கள் பணம் தருவதில்லை. தையல் இயந்திரம் தருவார்கள், கோழிக்குஞ்சு தருவார்கள், தலைமைத்துவப் பயிற்சியும் தருவார்கள். ஒரு நாள் சும்மா நடந்துவிட்டு வருவதற்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடமில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஓய்வு நேரம் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் கணவனை இழந்த பெண்ணின் ஓய்வு பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை.

அந்த அக்கா விடவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றைத் தொடங்கினார். எட்டு மாதத்தில் பத்தொன்பது பேர் சேர்ந்தோம். தமிழர், முஸ்லிம்கள், ஊர்காவற்படையில் இருந்த கணவனைப் பறிகொடுத்த ஒரு சிங்களச் சகோதரி உட்பட மூன்று சிங்களப் பெண்கள். கந்தளாயில் குழு என்றால் அது இப்படித்தான் அமையும்.

போக நினைத்த இடம் நுவரெலியாவுக்கு அப்பால் உள்ள ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, புல்வெளியும் குட்டை மரக் காடுமாகப் பரந்து கிடக்கும் இடம். 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் வட்டப் பாதை ஒன்று உண்டு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடும். இடையில் இரண்டு இடங்களில் மலை விளிம்பில் நின்று கீழே பார்க்கலாம்.

பயிற்சிக்காக ஒரு மாதம் காலையில் குளக்கட்டில் நடந்தோம். எங்களில் மூத்தவர் ஒருவர் 1986 ஏப்ரல் 20 இல் அந்தக் கட்டு உடைந்த இரவை நேரில் கண்டவர். 120 பேருக்கு மேல் இறந்த அந்த இரவைப் பற்றி நடக்க நடக்கச் சொன்னார். குளக்கட்டில் வேலையில்லாமல் பெண்கள் கூட்டமாக நடப்பதை ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. கதை எழும்பியது.

கதையில் அதிகம் அடிபட்டவர், ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இப்போது எங்கள் பக்கம் மாமியாருடன் இருக்கும் ஓர் அக்கா. 2006 இல் காட்டு வழியாக வாகரைக்கும், பிறகு அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கமும் நடந்தவர்களில் ஒருவர். கணவர் 2007 இல் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. "புருசன் எங்கயெண்டு தெரியாம இருக்கிறவளுக்கு மலை பாக்கக் கேக்குதோ" என்று மாமி முற்றத்தில் நின்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்கியது. மருமகள் சந்தோசமாக ஓரிடம் போய் வந்தால், மகன் இனி வரமாட்டான் என்று வீடு ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் நினைத்தார். மறுபடி போய், "மாமி, அக்கா போயிட்டுத் திரும்பி வருவா, இடம் மாறிப் போகேல்ல" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பயணத்தன்று காலையில் இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அக்கா சில வருடங்களுக்கு முன் உயிரை விட நினைத்து, முயன்று, அயலவரால் காப்பாற்றப்பட்டவர். (இதை அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன்.) அப்படிப்பட்ட ஒருவரை, விளிம்பிலிருந்து பல நூறு மீற்றர் செங்குத்தாக இறங்கும் இடத்துக்கு நான் கூட்டிப் போகலாமா? அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டேன். அவர், "என்னிடம் கேட்கிறதை முதலில் அவவிடம் கேளுங்க" என்றார். கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அதுக்கு நான் ஏன் மிஸ் எட்டு மாசம் சீட்டுக் கட்டவேணும்" என்றார்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சின்ன பஸ் ஒன்றில் புறப்பட்டோம். ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று போய் இரவு நுவரெலியாவில் தங்கினோம். கந்தளாய் வெயிலில் காய்ந்த எங்களுக்கு அந்தக் குளிர் பொல்லாதது. இரவல் வாங்கிய சுவெற்றர்களில் பாதி அளவில்லாதவை. அதிகாலையில் மீண்டும் பஸ் ஏறியபோது யாரோ, "காட்டுக்குள்ள புலி இருக்குதாமோ?" என்று கேட்டார். சிறுத்தையைத்தான் கேட்டார். பஸ் முழுவதும் ஒரு கணம் சத்தமில்லாமல் போனது. பிறகு அந்த மௌனத்தை நினைத்தே எல்லோரும் சிரித்தோம். சிங்களச் சகோதரிக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. எங்களுக்கு முன்பே அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

பாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். சீருடையைக் கண்டதும் எங்கள் கைகள் தாமாகவே அடையாள அட்டையைத் தேடின. ஒருவர் பையைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியே விட்டார். ஆனால் அந்த உத்தியோகத்தர் தேடியது பொலித்தீனை. பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார். காட்டு மிருகங்கள் பொலித்தீனைத் தின்று சாகாமலிருக்க இந்த ஏற்பாடு. மாமி கட்டிய வாழையிலைப் பொதியைப் பார்த்ததும், "ஹொந்தாய்" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்கு அது பெரிய பெருமை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். காலை ஆறு, ஆறரைக்கே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்குமேல் மூடுபனி ஏறிவந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடும். பிறகு வெள்ளைச் சீலையைத்தான் பார்க்கலாம். பாதை சில இடங்களில் கல், சில இடங்களில் வழுக்கும் செம்மண். செருப்பு வேண்டாம், பழைய சப்பாத்து என்றாலும் பரவாயில்லை. மூன்று நான்கு மணித்தியாலம் நடக்க வேண்டியிருப்பதால் மலசலகூடத்துக்குப் புறப்படும் இடத்திலேயே போய்விட வேண்டும். மாதவிடாய் நாட்களில் இருந்த ஒருவர் கூச்சத்தில் எங்களிடம் சொல்லாமல் வந்து கஷ்டப்பட்டார். பெண்கள் மட்டும் போகும் பயணத்திலேயே அதைச் சொல்லக் கூச்சப்பட்டால் வேறு எங்கே சொல்வது?

புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களைக் கண்டு ஓடவில்லை. "யானை?" என்று கந்தளாய்க்காரிகள் எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்குக் காடு என்றால் முதலில் யானை அல்லவா. இங்கே யானை இல்லை. முன்பு இருந்தன. வெள்ளைக்காரர் இம்மலைகளில் வேட்டையாடித் திரிந்தார்கள். பாதையில் உள்ள நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கரும் 1848 முதல் சில வருடங்கள் நுவரெலியாவில் இருந்து யானை வேட்டையாடியவர்தான். இப்போது அந்த இனம் இம்மேட்டில் அற்றுப்போய்விட்டது. யானையால் பயிரை இழந்தவர்களுக்கு யானை இல்லாத காட்டைப் பார்த்துச் சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு குறைந்தது. மரங்கள் எங்கள் ஊர்ப் பாலை, வீரை போல உயரமில்லை. காற்றுக்கு முறுகி, குடை பிடித்தாற்போல் தட்டையாக நிற்கின்றன. கிளைகளில் பாசி தாடியாகத் தொங்குகிறது. இடையிடையே கடும் சிவப்பாக மகா ரத்மல் பூக்கள். ஓரிடத்தில் மரங்கள் கிளை நுனியிலிருந்து பட்டுப்போய் எலும்பாக நின்றன. மூதூர் ராத்தா நின்று பார்த்து, "இங்கயும் ஷெல் உழுந்ததா மிஸ்?" என்றார். இல்லை ராத்தா, இங்கே பல வருடங்களாக மரங்கள் தாமாகவே இப்படிப் பட்டுப்போகின்றன என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ராத்தா 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து ஊரோடு சேர்ந்து கந்தளாய்க்கு நடந்து வந்தவர். கைக்குழந்தை ஒரு கையில், உடுப்புப் பொதி மறு கையில். "அண்டைக்கி நடந்த தூரத்த ஒருத்தரும் அளக்கல்ல, இண்டைக்கி ஒம்பது கிலோமீற்றராம்" என்று சொல்லிச் சொல்லி நடந்தார். திடீரென்று நின்று தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பாருங்க புள்ள, கையில ஒண்டுமில்ல." எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சாப்பாட்டுப் பை தோளில் இருந்தது, அவ்வளவுதான். விறகு இல்லை, குடம் இல்லை, பிள்ளை இல்லை, கோவை இல்லை. சின்னப் பிள்ளைகள் போலக் கையை வீசிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தோம்.

முதல் விளிம்பு சிறிய உலக முடிவு. அங்கே எட்டிப் பார்த்துவிட்டுச் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள், தலைசுற்று. இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தால் பெரிய உலக முடிவு. ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். கீழே தேயிலைத் தோட்டம், பொட்டுப் பொட்டாக வீடுகள், தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டாக மின்னியது. மிகத் தெளிவான நாளில் தெற்குக் கடலே தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரியவில்லை.

விளிம்பை நெருங்கியதிலிருந்து நான் ஈச்சிலம்பற்று அக்காவின் கையைப் பிடித்திருந்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்பது எனக்கே தெரியாது. சிறிது நேரத்தில் அவர் மெதுவாக, "விடுங்கோ மிஸ், நோகுது" என்றார். விட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் எட்டடி பின்னால் ஒரு கல்லில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார். பிறகு திரும்பி, "என்னை ஒரு படம் எடுக்கிறீங்களா? என்னை மட்டும்" என்று கேட்டார்.

சிங்களச் சகோதரி தன் கைத்தொலைபேசியை எடுத்தார். அக்கா நிமிர்ந்து நின்றார். ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கு முன்னால் எதையோ பிடிப்பதுபோல் கொண்டுவந்தார், கீழே விட்டார், மீண்டும் கொண்டுவந்தார். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடமாக அவரை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும், ஊர்வலத்திலும் கூட்டத்திலும் ஆணைக்குழு வாசலிலும், கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடிதான் நிற்கிறார். என் அலுவலகக் கோவையில் உள்ள படமும் அதுதான். "அவரைப் பிடிக்காம நிண்டு எடுத்த படம் என்னட்ட இல்ல மிஸ்," என்றார். சிங்களச் சகோதரி தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, கொஞ்சம் சிரி" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது. கைகள் மட்டும் இரு பக்கமும் தொங்கின. நல்ல படம். அதற்குள் மூடுபனி ஏறிவிட்டது, அடுத்தவர்களுக்கு வெள்ளைச் சீலைதான் கிடைத்தது.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியருகே வாழையிலைப் பொதிகளைப் பிரித்தோம். அந்த ஆறு பெலிஹுல் ஓயா, தெற்கே வளவைக்குப் போகிறது. ஆனால் இதே மேட்டின் இன்னொரு பக்கத்தில் ஊறும் அக்ர ஓயா, கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கை மறித்து, சுரங்கம் வழியாக அம்பன் கங்கைப் பக்கம் திருப்புகிறார்கள். அங்கிருந்து எலஹெரக் கால்வாய், மின்னேரியா, கவுடுல்லை, கடைசியில் எங்கள் கந்தளாய்க் குளம். மூடுபனி மர இலைகளிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி மண்ணுக்குள் இறங்குவதால் மழையில்லாத நாளிலும் இந்தக் காடு தண்ணீர் சேர்க்கிறது. இதை நான் சொன்னதும், சீட்டுத் தொடங்கிய அக்கா, குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் வயல் செய்பவர், "அப்ப நம்மட வயலுக்கு இங்கயிருந்தா தண்ணி வருது?" என்று கேட்டு, பக்கத்து மரப் பாசியைத் தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. "ஓம், ஈரம்தான்" என்று எல்லோருக்கும் காட்டினார்.

பதினொன்றரைக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஒருவருக்குக் கால் சுளுக்கு, இருவருக்கு அட்டை கடித்ததாகச் சந்தேகம், தேடியதில் அட்டை இல்லை. பஸ்ஸில் கண்டி வரும்வரை நித்திரை.

அடுத்த சீட்டுத் தொடங்கிவிட்டது. எங்கே போவது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. முஸ்லிம் சகோதரிகள் சிங்கராஜக் காடு என்கிறார்கள், சிங்களச் சகோதரிகள் கடல் பார்த்தால் போதும் என்கிறார்கள், கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. இம்முறை இருபத்திரண்டு பெயர். கடைசியாகச் சேர்ந்த பெயர் ஈச்சிலம்பற்று அக்காவின் மாமியுடையது. முதல் மாதக் காசை அவரே கொண்டுவந்து தந்து, முழங்கால் வருத்தம் இருக்கிறது, ஏற்றம் இல்லாத பாதையாகப் பார்க்கச் சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறோம். வாசகிகளுக்கு அப்படி ஓரிடம் தெரிந்தால் எழுதுங்கள்.